கிருமியின்றித் தளரும் மூட்டு

நமது சங்கத்துக் குடும்பங்களில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட பெரியவர்கள் இன்று பலர் உளர். "பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த மூட்டு, கிருமி ஏதும் தாக்காமலே தளர்ந்தது எங்ஙனம்?" என்று அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கே பல ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் நிபுணர் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அவை தேய்ந்தன. தூள் சேர்ந்த இடத்தில் எலும்பும் கரைந்தது. அம்மனிதர் டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தமது தொடையிலேயே செலுத்திப் பார்த்தார்! முன்னது கட்டியாகத் திரண்டது. பின்னது வாளா கிடந்தது. 1962 நவம்பர் முதல் பாலிஎத்திலீன் கிண்ணமே வழக்கிற்கு வந்தது.

ஆனால் அதுவும் தேயும், மெதுவாக. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் கோடிக்கணக்கில் உதிர்கின்றன. அயற்பொருளை விழுங்கி ஒழிப்பதையே தொழிலாகக் கொண்ட மேக்ரோஃபேஜ் என்னும் உயிரணுக்கள் அவற்றை விழுங்குகின்றன; செரிக்க இயலவில்லை. தவித்த உயிரணு, உதவிக்கு ஆள் அழைப்பதுபோல, சில இரசாயனப் பொருள்களைக் கசிய விடுகிறது. அவ்வழைப்பைக் கேட்டு எழுபவை ஆஸ்டியோகிளாஸ்டுகள், அதாவது எலும்பை அரிக்கும் உயிரணுக்கள். எலும்பிருந்த இடத்தில் மெல்லிய நார்ச்சவ்வு படர்கிறது. இச்சவ்வு வெறும் தழும்பன்று. மூட்டின் உள்ளுறையைப் போன்ற அமைப்புடையது, எலும்பைக் கரைக்கும் பொருள்களைத் தானே சுரப்பது என்று 1983-இல் ஆய்வாளர்கள் காட்டினர். இருப்புப் பாதையிலும் தண்டவாளம் முறிய வேண்டியதில்லை. அடியிலுள்ள ஜல்லி இளகினாலே பாதை ஆடத் தொடங்கும்.

இடைக்காலத்தில் பழி முழுவதும் மூட்டைப் பதிக்கும் சிமெண்டின்மேல் விழுந்தது. 'சிமெண்ட் நோய்' என்றே பெயரிட்டார்கள். சிமெண்டின்றிப் பொருத்திய மூட்டுகளிலும் எலும்பு கரையக் கண்டபின்னரே, குற்றவாளி துகள் என்பது தெளிவாயிற்று. 1990-களின் இறுதியில் வந்த, கதிரியக்கத்தால் இறுக்கப்பட்ட பாலிஎத்திலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது. எனவே புதிதாகப் பொருத்திக்கொண்டோர் அஞ்ச வேண்டுவதில்லை.

பழைய மூட்டு உடையோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எலும்பு வலியின்றியே கரையக்கூடும். நெடுநாள் நடப்பதற்குத் தடையே தோன்றாது. வலி வரும்போது, மறு மூட்டைத் தாங்கப் போதிய எலும்பு எஞ்சியிராமலும் போகலாம். ஆகவே மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. தொடையிலோ அரையிலோ புதிதாக வலி கண்டால் காத்திருத்தல் கூடாது.

ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் நம்மவர், பாத்திரம் பண்டங்களைக் கட்டும்போது பழைய எக்ஸ்ரே படங்களைக் கழித்துவிடுகிறார்கள். அவற்றையும், பொருத்திய மூட்டின் பெயரும் அளவும் குறித்த சீட்டையும், ரேஷன் கார்டுடன் சேர்த்தே வையுங்கள். மறு சிகிச்சை செய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அச்சீட்டைத்தான்.