விகுதி மாறிய மரியாதை

தலைமக்கள் எவ்வெவற்றால் ஒத்திருத்தல் வேண்டும் எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பத்துப் பண்புகளைத் தொகுத்துரைக்கிறார். பிறப்பு, குடிமை, ஆண்டு என நீளும் அவ்வரிசையில், செல்வம் எனப் பொருள்கொள்ளத்தக்க 'திரு'வும் இடம்பெறுகிறது. தலைவன் தலைவியினும் உயர்ந்தவனாயின் குற்றமில்லை எனக் களவியல் விலக்கும் அளிக்கிறது. தலைவி உயர்ந்தவளாயின் என் செய்வது? அவ்வினாவை நகைச்சுவையாகக் கையிலெடுத்தது, ஸ்ரீதர் இயக்கத்தில் 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' என்னும் வண்ணத் திரைப்படம்.

தோட்ட முதலாளி விசுவநாதனிடம் பணிபுரியும் அசோக், அவருடைய மகள்களோடு ஏற்பட்ட பூசலால் வேலையை இழக்கிறான். முதலாளியின் வீட்டெதிரே கூடாரமிட்டு, வேலை கேட்டுப் போராடுகிறான். அவ்வீட்டுப் பெண் நிர்மலாவோடு காதல் அரும்புகிறது. தந்தையின் இசைவைப் பெறத் தன்னைக் கோடீசுவரர் ஒருவரின் மகன் எனப் பொய்யுரைக்கிறான். அப்பொய்யை மெய்யாக்க நண்பன் வாசு முதியவராக வேடம் புனைகிறான்.

இப்படத்தின் உயிர் காதலர்களிடம் இல்லை. விசுவநாதனாக நடித்த டி.எஸ். பாலையாவிடம் இருக்கிறது. நேற்றுவரை 'அவன்' எனப்பட்டவன், செல்வந்தர் மகன் என அறிந்த நொடியில் 'அவர்' ஆகிறான். பாலையாவின் நாவில் அசோக்கின் பெயர் மட்டுமன்றி, 'மகன்' என்னும் முறைப்பெயரும் 'அர்' விகுதி ஏற்கிறது. ஆளின் குணமோ கல்வியோ மாறவில்லை. மாறியது விகுதி ஒன்றே. உயர்திணைக்கு இலக்கணம் கூறாத ஒரு விதியைப் பணம் எழுதிவிடுகிறது. மேடைச் சொற்பொழிவுகள் பலவற்றினும் இக்காட்சி வன்மையானது எனத் துணிந்து கூறலாம். 1965இல் தெலுங்கிலும் 1966இல் இந்தியிலும் இக்கதை மீண்டும் படமானது; மொழி மாறியும் இத்தகைய தந்தை அயலாராகத் தோன்றவில்லை போலும்.

எனினும் ஒரு குறையைச் சுட்டியே ஆகவேண்டும். பிளவக்கல் அணையின் நீரை நம்பி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வயலும் தோப்புமாய் விளங்கும் கூமாப்பட்டி போன்றதோர் ஊரில் இக்கதையைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். தோப்பில் காய் சுமப்பவர் மகன், தோப்புக்காரர் மகளை விரும்பினால் ஒட்டுத்தாடி உதவுமா? ஊரில் அவன் இன்னார் மகன் என்பதை அறியாதார் எவருமிலர். பணம் ஒன்றே தடையாகவும் இராது. சாதி என்னும் பெருந்தடையைப் படம் தொடவேயில்லை. சிரிப்பு குலையாதிருக்க அவ்வொதுக்கம் தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் அது ஒதுக்கமே.

மற்றொன்றும் உண்டு. கூடாரத்தில் ஒலித்தது காதல் கோரிக்கை அன்று, வேலைக் கோரிக்கை. செல்வர் மகன் எனப் பெயர் பெற்றதும் அசோக் விருந்தாளியாக வீட்டினுள் நுழைகிறான். அவனை வேலையிலிருந்து நீக்கியது முறையா என்னும் வினாவோ கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டி வைக்கப்படுகிறது.