நாலாம் ஸ்டேஜ் என்றால் நாள் எண்ணுவதா?



நம் சொந்தத்தில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "பரவிடுச்சாம், ஆறு மாசம்தானாம், இனி எதுக்குச் செலவு" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று. ஆறு மாதம் என்று யார் சொன்னது? மருத்துவர் சொல்லவில்லை.

பரவல் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில், நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் 100க்கு 60 பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மூளை, எலும்பு, கல்லீரல் என்று தூரம் போயிருந்தால் சுமார் பத்தில் ஒருவர். கசப்பான கணக்கு.

ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. தனி ஆளின் ஜாதகம் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் இடைநிலை அளவு நடத்தினேனே, பாதிப் பேர் அதற்கு மேலே இருப்பார்கள் என்று! (பரீட்சையில் சரியாகத்தான் எழுதினீர்கள்.) நாலாம் ஸ்டேஜிலும் எல்லாம் ஒன்றல்ல. நெஞ்சுக்கு வெளியே ஒரே ஒரு கட்டி இருப்பதையும் பல இடங்களில் இருப்பதையும் மருத்துவர்கள் தனித்தனியாகவே குறிக்கிறார்கள்.

அதைவிட முக்கியம் மரபணுப் பரிசோதனை. ஏ.எல்.கே. என்ற மாற்றம் நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத்தான் இருக்கும். அப்படி முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு லார்லாட்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முற்றவில்லை. பழைய மருந்தில் அது 8 சதவீதம். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் நம் ஆசியர்களிடம் இன்னும் அதிகம். அதற்கும் மாத்திரை உண்டு. விலை அதிகம், தெரியும். பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவோம். பார்க்காமலே கைவிடுவதற்குப் பெயர் சிக்கனமா?

வலி தணிப்புச் சிகிச்சை என்றால் கைகழுவுவது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆரம்பத்திலேயே அதையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம்; பெறாதவர்களுக்கு 8.9.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகளே, "எத்தனை நாள்?" என்று கேட்காதீர்கள். எங்கே, எத்தனை இடத்தில், என்ன மாற்றம் என்று கேளுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து குழுவில் இரங்கல் தொனியில் எழுதுவதை நிறுத்துங்கள். அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.