மாணாக்கரின் ஏடு யாருடையது?

சர்வகலாசாலைப் பரீட்சை எழுதிய ஒரு மாணாக்கர், தம் விடைத்தாளைத் தாமே காண விரும்பிக் காரியாலயத்துக்குச் செல்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பவை ஒரு விண்ணப்பப் படிவமும், கட்டணச் சீட்டும், "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலுமே. அதே மாணாக்கரின் பெயரும், மதிப்பெண்ணும், அவர் எந்தச் சமூகப் பிரிவில் இடம் பெற்றார் என்ற விவரமும் பலவிடங்களில் சேர்க்கைப் பட்டியலாகச் சுவரில் ஒட்டப்பட்டோ, இணையத்தில் ஏற்றப்பட்டோ, வழிப்போக்கர் யாவரும் படிக்குமாறு கிடக்கின்றன. உடையவருக்கு அடைத்த கதவு. ஊராருக்குத் திறந்த கதவு. இது தலைகீழான நியாயம் என்பதே நம் அபிப்பிராயம்.

மாணாக்கரைப் பற்றிய ஏடு என்பது அற்ப விஷயமன்று. விடைத்தாள், மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, நன்னடத்தைச் சான்று, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு, சாதிச் சான்று, தகப்பனாரின் வருமான விவரம், உடல்நிலைக் குறிப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். இருபது வயதில் ஒரு குமாஸ்தா தவறாக எழுதிவிட்ட ஒரு வரி, நாற்பது வயது வரையில் ஒருவரது உத்தியோகத்தைத் தொடர்ந்து கெடுக்கக்கூடும். அவ்வேட்டுக்குச் சர்வகலாசாலை தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரர் அன்று. கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருப்பது போலவே, மாணாக்கரின் ஏட்டுக்கு அவரிடமே கணக்குக் காட்டச் சர்வகலாசாலையும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தத் தலைகீழ் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகளை அந்நிய ஆட்சியார் நிறுவியபோது, அன்றைய லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டனர். அவை பாடம் சொல்லித் தந்த ஸ்தாபனங்கள் அல்ல. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கிய ஸ்தாபனங்களே. மாணாக்கரை அவை நேரில் கண்டதில்லை. பதிவு எண்ணாக மட்டுமே அறிந்தன. எண்ணுக்கு ஏது உரிமை? விதிப்பதை வாங்கிக்கொண்டு போவதே அதன் கடன். அரசாங்கக் காகிதம் அனைத்தும் இரகசியம் என்ற ஆட்சி மனப்பான்மையும் இதனோடு சேர்ந்துகொண்டது. வெள்ளையர் போய்விட்டனர், 1923-ஆம் வருஷத்து உத்தியோக இரகசியச் சட்டம் போகவில்லை. பரீட்சைக் காரியாலயத்தின் சுபாவமும் நெடுங்காலம் மாறவில்லை.

சுதந்திர இந்தியாவின் நியாயஸ்தலங்களும் முதலில் இந்த மனப்பான்மைக்கே துணை நின்றன. விடைத்தாளைப் பார்க்க மாணாக்கருக்கு உரிமையில்லை என்று மகாராஷ்டிர மாகாணக் கல்வி போர்டு செய்திருந்த விதி செல்லும் என 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்த பின்னரே காற்று திசை மாறியது. சர்வகலாசாலை மாணாக்கர் ஒருவரின் வழக்கில், விடைத்தாளை அவருக்குக் காட்ட வேண்டுமென்று 2008-ல் கல்கத்தா ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2011-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி, மத்திய இடைநிலைக் கல்வி போர்டின் மேல்முறையீட்டில், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ரவீந்திரனும் பட்நாயக்கும் இவ்விஷயத்தைத் தெளிவாக முடிவு செய்தனர். திருத்தப்பட்ட விடைத்தாள், பரீட்சகரின் அபிப்பிராயம் பதிந்த ஒரு தகவல். எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமையுடையவர். பரீட்சகரின் பெயரை மட்டும் மறைத்துக் கொள்ளலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பில் மற்றொரு கருத்தும் உண்டு. "நாங்கள் நம்பிக்கைப் பொறுப்பில் விடைத்தாளை வைத்திருக்கிறோம், ஆகவே காட்டமாட்டோம்" என்று போர்டு வாதாடிற்று. மாணாக்கரிடம் அப்படி ஒரு நம்பிக்கைப் பொறுப்பு உங்களுக்கு உண்டென்றே வைத்துக்கொண்டாலும், அதன் பொருள், அவருக்கு முழுவதையும் காட்ட வேண்டும், பிறருக்குக் காட்டக் கூடாது என்பதுதானே என்று கோர்ட்டு எடுத்துக்காட்டியது. நாம் மேலே கூறிய தர்மகர்த்தா நியாயம் இதுவே.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! தகவல் சட்டத்தின்கீழ் மத்திய சர்க்கார் விதித்த கட்டணம் விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். ஸ்தாபனங்களோ தத்தம் சொந்த விதிகளில் நூற்றுக்கணக்கில் கட்டணம் குறித்தன. கம்பெனிக் காரியதரிசிகளுக்கான ஸ்தாபனம் நகலுக்கு 500 ரூபாய் கேட்ட விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. தகவல் சட்டத்தின்கீழ்க் கேட்பவரிடம் அச்சட்டத்தின் கட்டணமே வாங்கலாம் என்று 2019-ல் கோர்ட்டு கூறிற்று. எனினும், ஸ்தாபனம் தன் சொந்த விதியின்கீழ் வேறு கட்டணம் வைத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. இரு வழிகளில் மலிவான வழி இன்னதென்று அறிந்த மாணாக்கர் மட்டுமே பிழைத்தார்.

காலத் தடை இதைவிடக் கொடிது. விடைத்தாளை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டுமென்று ஸ்தாபனத்தின் விதி கூறுகிறதோ அவ்வளவு காலம்தான் மாணாக்கரின் உரிமையும் உயிரோடிருக்கும் என்பது 2011-ஆம் வருஷத் தீர்ப்பின் மற்றொரு பகுதி. மேற்படி போர்டில் அது மூன்று மாதம். தகவல் சட்டப்படி பதில் தர 30 நாள், மறுத்தால் முதல் மேல்முறையீடு, பிறகு கமிஷன். கமிஷன் உத்தரவு கைக்கு வரும்போது தாள் இல்லாமற் போயிருந்தால், அவ்வுத்தரவு கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரமேயாகும். இதற்கு மேல், தகவல் சட்டம் பொது அதிகார ஸ்தாபனங்களையும், சர்க்கார் பணத்தால் கணிசமாகத் தாங்கப்படும் ஸ்தாபனங்களையுமே கட்டுப்படுத்துகிறது. சொந்தப் பணத்தில் நடந்து, சொந்தமாகவே பரீட்சையும் வைத்துக்கொள்ளும் தனியார் ஸ்தாபனங்களில் அதிகப் பணம் கட்டிப் படிப்பவருக்கு அச்சட்டத்தின் துணை எளிதில் கிட்டுவதில்லை.

இனி, அந்தரங்கத்தின் பக்கம் திரும்புவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். இதனோடு டில்லியில் நடந்த ஒரு வழக்கையும் நேயர்கள் அறிந்திருக்கலாம். டில்லி சர்வகலாசாலையில் 1978-ல் பி.ஏ. தேறியோர் அனைவரின் பதிவேட்டையும் பார்வையிட அனுமதிக்குமாறு மத்தியத் தகவல் கமிஷன் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அவ்வாண்டு பட்டம் பெற்றோரில் பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடியும் ஒருவர் என்று சர்வகலாசாலை கூறியிருந்ததால், விவகாரம் தேசம் முழுவதும் பேசப்பட்டது. 2025 ஆகஸ்டு 25-ல் டில்லி ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் அவ்வுத்தரவை ரத்துச் செய்து, மதிப்பெண்ணும் பட்டமும் சொந்த விவரங்களே என்று தீர்ப்பளித்தார்.

பொதுப் பதவி வகிப்போரின் படிப்பை ஜனங்கள் அறிய வேண்டுமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. அவ்விவாதத்தில் நாம் இப்போது புகவில்லை. நாம் கேட்பது ஒன்றே: மதிப்பெண் சொந்த விவரம் என்பது பிரதம மந்திரிக்கு நியாயமானால், கடைசி வரிசையில் அமர்ந்து படிக்கும் கூலிக்காரர் மகளுக்கும் அது நியாயந்தானே? அவருடைய மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது எந்தச் சர்வகலாசாலையாவது இந்த நியாயத்தை நினைத்ததா? பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் போதும், யாரும் யாருடைய பரீட்சை முடிவையும் இணையத்தில் திறந்து பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தபோதாவது நினைத்ததா?

2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய டிஜிட்டல் சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைத் தீர்க்குமென்று சிலர் நம்பினர். அச்சட்டம் தன் விவரத்தைக் காணவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. ஆனால் 2025 நவம்பரில் அதை அமலுக்குக் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். தகவல் அறியும் சட்டத்தில் சொந்த விவரம் பற்றிய விலக்கை விரிவாக்கிய பிரிவு உடனே அமலாயிற்று. மக்களுக்கு உரிமை தரும் பிரிவுகளுக்கோ 18 மாதத் தவணை விதிக்கப்பட்டது. பூட்டு முதலில் வந்தது. திறவுகோல் பின்னால் வரும்! பொது நன்மை பெரிதானால் தகவல் தரலாம் என்ற பொது விதி இன்னும் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், சொந்த விவரம் என்ற சொல்லைச் சொந்தக்காரரிடமே காட்டி விரட்டும் காரியாலயங்கள் தோன்றுமோ என்று அஞ்சுகிறோம். மேலும், விவரத்தைக் கசியவிட்ட ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்பணம் சேருமிடம் இந்திய சர்க்காரின் கஜானா. பாதிக்கப்பட்ட மாணாக்கருக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் 1974 ஆகஸ்டு 21 முதல் இருக்கிறது. செனட்டர் பக்லி கொணர்ந்த அச்சட்டத்தின்படி, மாணாக்கர் கேட்ட 45 நாளுக்குள் அவரது ஏட்டை ஸ்தாபனம் காட்ட வேண்டும். தவறிருந்தால் திருத்தக் கோரலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் தம் தரப்புக் குறிப்பையாவது ஏட்டில் சேர்க்கச் செய்யலாம். அவர் சம்மதமின்றி மதிப்பெண்ணைப் பிறருக்குத் தருவது, சட்டமே வகுத்த சில விலக்குகள் நீங்கலாகக் கூடாது. பெயர், முகவரி போன்ற சாதாரண விவரங்களை வெளியிடலாமாயினும், வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அதிலும் ஒரு பெருங்குறை உண்டு: இச்சட்டத்தைக் காட்டித் தனி மனிதர் வழக்காட முடியாது என்று 2002-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. மீறிய ஸ்தாபனத்துக்குப் பணம் தருவதை அரசாங்கம் நிறுத்தலாம், அவ்வளவே. அவர்களுடைய நன்மையை எடுத்துக்கொண்டு, இக்குறையை விலக்கிச் சட்டம் செய்வதே நமக்கு அழகு.

அச்சட்டத்தின் மற்றோர் அம்சம் நம் குடும்பங்களைச் சற்றுத் திடுக்கிடச் செய்யும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஏட்டின் உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. நாமும் பிள்ளை பெற்றவர்களே; வயலை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய தகப்பனார், மகன் வகுப்புக்குப் போகிறானா என்று கேட்பதில் தவறு காண நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் வோட்டளிக்கத் தகுந்தவர் தம் மதிப்பெண்ணுக்கு உரிமையாளராகத் தகாதவரா? வருகை, தேர்ச்சி ஆகியவற்றைப் பிள்ளையின் அறிவோடு தகப்பனாருக்குத் தெரிவிக்கலாம். மருத்துவக் குறிப்பையும், மாணவி நம்பிக் கொடுத்த புகாரையும் அவர் சம்மதமின்றி எவருக்கும் தரலாகாது. இவ்வாறு எல்லை வகுப்பதே நடுநிலையாகும்.

லக்ஷக்கணக்கான தாள்களைக் காட்டினால் வேலை தடைப்படும் என்று கூறுவாருமுளர். தாளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் திருத்தும் முறை பல சர்வகலாசாலைகளில் வந்துவிட்ட பின், இவ்வாதத்தின் பலம் பெரிதும் குறைந்துவிட்டது. பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டாவிட்டால் இடஒதுக்கீட்டில் மோசடி நடக்கும் என்பது மற்றோர் ஆக்ஷேபம். இது கனமான ஆக்ஷேபமே. ஆனால் மோசடியைத் தடுக்க எண்ணும், பிரிவும், மதிப்பெண்ணும் போதும். சாதிக்குப் பக்கத்தில் பெயரை எழுதி ஊரறியச் செய்ய வேண்டியதில்லை.

சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் வழக்கத்தையும் இங்கே கூறாமலிருக்க முடியாது. அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கலாகாதென்று சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2018-ல் அறிவித்தது. சான்றிதழ் அடகுப் பொருளன்று என்று நம் சென்னை ஹைகோர்ட்டும் ஒரு முறைக்கு மேல் கூறியிருக்கிறது. அப்படியிருந்தும், வழக்குப் போடத் திராணியில்லாதவர் கையைப் பிசைந்து நிற்கிறார்.

கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆதலின் டில்லியை எதிர்பாராமலே சென்னைச் சட்டசபை இதைச் செய்யலாம். நாம் கோருவது பெரிதன்று. முடிவு வெளியான குறித்த நாள்களுக்குள், நகலெடுக்கும் செலவுக்கு மேற்படாத கட்டணத்தில், தனியார் ஸ்தாபனம் உட்பட எதிலும் மாணாக்கர் தம் ஏட்டைக் காணட்டும். கேட்டுவிட்ட பின் முடிவாகும் வரை தாளை அழிக்கலாகாது. தவறைத் திருத்த நியாயமான விசாரணை இருக்கட்டும். யாருக்கு, எதற்காக விவரம் தரப்பட்டது என்பதற்கு ஒரு பதிவு இருக்கட்டும். மீறினால் நஷ்ட ஈடு மாணாக்கர் கைக்கே சேரட்டும்.

நாளைய பிரஜைக்கு ஆட்சி எப்படி நடக்க வேண்டுமென்று கற்பிக்கும் முதல் காரியாலயம் சர்வகலாசாலையே. தம் சொந்தத் தாளையே கெஞ்சிப் பெறப் பழகியவர், பிற்காலத்தில் சர்க்காரிடம் கணக்குக் கேட்கத் துணிவாரா? சட்டசபை அங்கத்தினர்களும், சர்வகலாசாலை ஸெனேட்டர்களும் இதைச் சிந்தித்து, காலதாமதமின்றிக் காரியத்தில் இறங்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.