தலைகீழ் ஜென்னிக்கு 16 கோடி ரூபாய்!

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு தபால் தலை. அதை ஒருவர் 20 லட்சம் டாலருக்கு எடுத்தார். நம் பணத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல்!

அந்தத் தபால் தலையில் அப்படி என்ன விசேஷம்? அதில் இருக்கும் தவறுதான் விசேஷம். அது ஒரு விமானத்தின் படம் போட்ட தபால் தலை. அச்சடித்தபோது விமானம் தலைகீழாக விழுந்துவிட்டது. 1918-ம் ஆண்டு மே 14-ந் தேதி, வில்லியம் ரோபி என்பவர் வாஷிங்டன் தபால் நிலையத்தில் 24 டாலர் கொடுத்து ஒரு தாள் வாங்கினார். தாளில் 100 தலைகள். நூறு விமானங்களும் தலைகீழ்! சில நாட்களில் அந்தத் தாளை அவர் 15 ஆயிரம் டாலருக்கு விற்றுவிட்டார்.

இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் படத்தில் இருக்கும் விமானத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. காகிதத்துக்குக் கோடி ரூபாய் கொடுக்கும் உலகம், அசல் விமானத்தை எப்படி நடத்தியது? அதையும் கேட்க வேண்டாமா?

அந்த விமானத்தின் பெயர் ஜென்னி. பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? கர்ட்டிஸ் கம்பெனி வைத்த பெயர் ஜே.என்-4. ஜே, என் என்ற எழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, ஜனங்கள் அதை ஜென்னி ஆக்கிவிட்டார்கள்.

மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. உடம்பெல்லாம் மரச்சட்டம். அதன் மேல் துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் போன்ற பூச்சு பூசியிருப்பார்கள். இறக்கைகளை விறைப்பாக நிறுத்துவது கம்பிகள்தான். முன்னும் பின்னுமாக இரண்டு ஆசனங்கள். ஒன்றில் மாணவர், மற்றொன்றில் வாத்தியார். இன்ஜினுக்கு 90 குதிரைச் சக்தி. எவ்வளவு முடுக்கினாலும் மணிக்கு 75 மைல்தான். நிறுத்துவதற்குப் பிரேக் கிடையாது!

முதல் உலகப் போரின்போது இப்படி 6,000-க்கு மேல் செய்தார்கள். அந்தப் போரில் பறந்த அமெரிக்க விமானிகளில் பெரும்பாலோர் ஜென்னியில் ஏறிப் பழகியவர்கள்தான்.

போர் முடிந்தது. இத்தனை விமானங்களை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ன செய்யும்? வந்த விலைக்கு விற்றது. 1923-ல் 21 வயது இளைஞர் ஒருவர் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் 500 டாலருக்கு ஒரு ஜென்னி வாங்கினார். துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக அவர் முதலில் பறந்தது அதில்தான். நாலே வருடத்தில் அவர் நியூயார்க்கிலிருந்து பாரீசுக்கு ஒண்டியாகக் கடல் கடந்து பறந்தார். அவர்தான் சார்லஸ் லிண்ட்பெர்க்!

மலிவான விமானம் என்பதால் சாதாரண மனிதர்களும் விமானி ஆனார்கள். ஊர் ஊராகப் போனார்கள். வயலில் இறங்கினார்கள். 5 டாலர் வாங்கிக்கொண்டு குடியானவர்களை வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்கள். இறக்கை மேல் நடந்து வித்தை காட்டியவர்களும் உண்டு.

ஆனால் மலிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பெஸ்ஸி கோல்மன் என்ற பெண்ணை நான் மறக்க மாட்டேன். டெக்சாஸ் மாநிலத்து ஏழைக் குடும்பம். கறுப்பர், அதிலும் பெண் என்று அமெரிக்க விமானப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. அவர் சளைக்கவில்லை. பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு பிரான்சுக்கே போனார். 1921-ல் விமானி லைசென்சோடு வந்தார். சொந்தமாக வாங்க அவரால் முடிந்தது பழைய ஜென்னிதான். 1926 ஏப்ரல் 30-ந் தேதி, புளோரிடாவில் மெக்கானிக் ஓட்ட, அவர் பின்னால் இருந்தார். மறுநாள் பாராசூட்டில் குதிப்பதற்கு இடம் பார்க்க வேண்டும். எட்டிப் பார்ப்பதற்காக இடுப்பு வாரைப் போடவில்லை. திடீரென்று விமானம் கட்டுமீறிப் புரண்டது. அவர் வெளியே விழுந்து இறந்தார். மெக்கானிக்கும் பிழைக்கவில்லை. பிறகு பார்த்தால், விமானத்தை இயக்கும் பகுதியில் ஒரு ஸ்பானர் சிக்கிக் கிடந்தது!

அதே 1926-ல் விமானச் சட்டம் வந்தது. பறக்கத் தகுதி உண்டா என்று சோதித்தார்கள். ஜென்னிகள் தேறவில்லை. இன்ஜினைக் கழற்றி வேறு விமானங்களில் மாட்டிக்கொண்டார்கள். மரம் உளுத்தது. துணி கிழிந்தது. ஆறாயிரத்தில் இன்று மிஞ்சியவை சுமார் 50.

வாஷிங்டன் விமானப் பொருட்காட்சிசாலையில் ஒன்று இருக்கிறது. டேட்டனில் உள்ள விமானப் படைக் காட்சிசாலையில் ஒன்று, கர்ட்டிசின் சொந்த ஊரான ஹாமண்ட்ஸ்போர்ட்டில் ஒன்று. லிண்ட்பெர்க் வாங்கிய அந்த 500 டாலர் ஜென்னி, அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்து, இப்போது லாங் ஐலண்ட் காட்சிசாலையில் இருக்கிறது. யாரோ ஒரு விவசாயி இடத்தை அடைக்கிறதே என்று எரித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மிஞ்சியதைப் பறக்கவிடலாமா, கூடாதா? இதுதான் இப்போது வழக்கு. கூடாது என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு விபத்து நடந்தால் 50 என்பது 49 ஆகிவிடும். ஓட்டுகிறவர் உயிருக்கும் ஆபத்து.

இருந்தாலும் நான் பறக்கவிட வேண்டும் என்ற கட்சிதான். ஏன் தெரியுமா? ஜென்னியின் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் பாகங்கள் வெளியே தெரியும். அவற்றுக்குக் கையாலேயே எண்ணெயும் கிரீசும் போட வேண்டும். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது புத்தகத்தில் படித்து வருகிற வித்தை அல்ல, கைப்பழக்கம். விமானத்தைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டால் மரம் பிழைக்கும், துணி பிழைக்கும். அந்தக் கைப்பழக்கம் அதோடு செத்துப்போகும். நியூயார்க் மாநிலத்தில் ஓல்டு ரைன்பெக் என்ற இடத்தில் பழைய விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள். ஜென்னியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. குழந்தைகள் அதன் சத்தத்தைக் கேட்கலாம், எண்ணெய் வாசனையை முகரலாம்.

லிண்ட்பெர்க்கின் ஜென்னி தொங்கட்டும். அதுபோல் இன்னொன்று கிடையாது. மற்றவற்றில் நாலைந்தாவது புல்தரையிலிருந்து எழும்பட்டும். ஓட்டுகிறவர் இடுப்பில் வார் இருக்கட்டும். ஏறுவதற்கு முன், உள்ளே ஸ்பானர் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிடட்டும்.