கொம்பு வைத்த கை

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் யப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. துறைமுகத்தோடு இரத்மலானை விமானத்தளமும் அதற்கருகே இருந்த புகையிரதத் தொழிற்சாலையும் இலக்குகளாயின. தளத்தில் நின்ற பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களுக்கு முன்னெச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே அவை மேலெழும்பின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. நோயாளிகள் இறந்தார்கள். அந்த விமானங்களை வழிநடத்தி வந்தவர் மிட்சுவோ ஃபுச்சிதா. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அணியின் தலைவரும் அவரே. போருக்குப் பின் அவர் கிறிஸ்தவராகி, ஊரூராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

எதிரியை யப்பான் எப்படி வரைந்து காட்டியது என்பதை அறிய ஒரு சிறுவர் கதைக்குள் போக வேண்டும். பீச் பழத்திலிருந்து பிறந்த பையன் மொமொதாரோ. பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் அவனை எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் தினைமா உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, நாய், குரங்கு, காட்டுக்கோழி மூன்றையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ஓனிகள் வாழும் தீவுக்குப் போகிறான். ஓனி யப்பானியக் கதைகளின் அரக்கன்: சிவந்த அல்லது நீலம் பாரித்த உடம்பு, தலையில் கொம்பு, இடுப்பில் புலித்தோல், கையில் முள் பதித்த இரும்புத் தண்டு. மொமொதாரோ அவர்களை அடித்துப் பணியவைத்து, அவர்களுடைய செல்வத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறான். கதை இவ்வளவுதான். 1943 இல் கடற்படையின் ஆதரவோடு இதை ஒரு கார்ட்டூன் படமாக எடுத்தார்கள். மொமொதாரோவின் விமானங்கள் பறந்துபோய்த் தாக்கும் ஓனித் தீவு, பேர்ள் துறைமுகம். 1945 ஏப்ரலில் வெளிவந்த அடுத்த படம் யப்பானின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம். அதில் மொமொதாரோவின் முன் சரணடையும் பிரித்தானிய அதிகாரிகளின் தலையில் கொம்பு இருக்கிறது.

ஒரு கூட்டத்தை அழிக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் அதன் தலையில் கொம்பு வைக்கிறார்கள். இதில் யப்பானுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அமெரிக்கச் சுவரொட்டிகள் அதே ஆண்டுகளில் யப்பானியரைப் பல் நீண்ட குரங்குகளாக வரைந்தன. யப்பானிடம் எம்மைக் கவர்வது வேறொன்று. போர் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்னரே அந்தக் கதையை ஓனியின் கரையிலிருந்து திருப்பி எழுத அங்கே ஓர் எழுத்தாளர் இருந்தார்.

ரியூனொசுகே அகுதகாவாவைத் தமிழ் வாசகருக்கு குரொசாவாவின் ‘ரஷோமொன்’ படத்தின் வழியே தெரியும். அவர் 1921 இல் சீனா போயிருந்தபோது சீன அறிஞர் சாங் பிங்லினைச் சந்தித்தார். தான் மிகவும் வெறுக்கும் யப்பானியன் ஓனித் தீவை வென்ற மொமொதாரோதான் என்று சாங் சொன்னாராம். அகுதகாவாவே இதை எழுதிவைத்திருக்கிறார். கொரியாவும் தாய்வானும் யப்பானின் பிடியில் இருந்த காலம் அது. 1924 இல் அவருடைய ‘மொமொதாரோ’ சிறுகதை வந்தது.

அந்தக் கதையில் ஓனிகளின் தீவு எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். பாறையும் இருட்டும் இல்லை; தென்னைகள் ஓங்கி நிற்கின்றன, பறவைகள் பாடுகின்றன. ஓனிகள் யாழ் மீட்டுகிறார்கள், ஆடுகிறார்கள், பழைய கவிஞர்களின் பாட்டுகளைப் பாடுகிறார்கள். கிழட்டு ஓனி ஒருத்தி பேரப்பிள்ளைகளுக்குப் பயம் காட்டுகிறாள்: குழப்படி செய்தால் மனிதர்களின் தீவுக்கு அனுப்பிவிடுவேன், அவர்களுக்குக் கொம்பு கிடையாது, முகம் வெளிறிப்போயிருக்கும், பொய் சொல்வார்கள், ஒருவரையொருவர் கொல்வார்கள். இப்படிப்பட்டவர்களின் தீவுக்கு மொமொதாரோ வந்து இறங்குகிறான். வயல் வேலைக்குச் சோம்பல்பட்டுப் படையெடுப்புக்குக் கிளம்பியவன் அவன். கொள்ளையும் கொலையும் முடிந்து, தப்பிய சிலரோடு ஓனித் தலைவன் தரையில் விழுந்து கும்பிட்டு, நாங்கள் உங்களுக்கு என்ன பிழை செய்தோம் என்று கேட்கிறான். மொமொதாரோவிடம் சரியான பதில் இல்லை. எனக்கு மூன்று விசுவாசமான சேவகர்கள் கிடைத்தார்கள், ஆகவே வந்தேன் என்கிறான். விளங்கவில்லை என்றால் உங்களையும் கொன்றுவிடுவேன் என்கிறான்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லதொரு போர் எதிர்ப்புக் கதை என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அகுதகாவா இன்னும் ஒரு காட்சி எழுதினார். நிலவு காயும் கடற்கரையில் ஐந்தாறு ஓனி இளைஞர்கள் இருக்கிறார்கள். தீவின் விடுதலைக்காகத் தேங்காய்களுக்குள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். காதலிப்பதையும் மறந்துவிட்டார்களோ என்னும்படி, வாய் பேசாமல், ஆனால் சந்தோஷத்தோடு அந்த வேலையில் கிடக்கிறார்கள். அவர்களுடைய கண்கள் கோப்பை அளவு விரிந்து மின்னுகின்றன.

1924 இல் தோக்கியோவில் எழுதப்பட்ட இந்தக் காட்சியை ஈழத்தமிழ் வாசகர் எவரும் ஆறுதலாகப் படித்துவிட முடியாது. அந்த இளைஞர்களை நாம் அறிவோம். அவர்களுடைய கண்களில் மின்னிய சந்தோஷத்தையும் அறிவோம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் அறிவோம். கொம்பு வைக்கப்பட்டவன் தனக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லும் உரிமை உள்ளவன். அவனும் கொம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறான். அகுதகாவா இரண்டையும் ஒரே கதையில் வைத்தார். எம்முடைய எழுத்தில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வருவது மிக அரிது.

இந்தத் தீவின் எழுதப்பட்ட வரலாறே அரக்கர் கதையாகத்தான் தொடங்குகிறது. மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கும் நாட்டில் இயக்கர்கள் வாழ்கிறார்கள். சிரீசவத்து நகரில் ஒரு கல்யாண வீட்டில் அவர்கள் கூடியிருக்கும் வேளையை, விஜயனுக்குத் துணைவியான இயக்கப் பெண் குவேனி காட்டிக்கொடுக்க, விஜயன் அவர்களைக் கொன்று நாட்டை எடுக்கிறான். பிறகு மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வரவழைத்து மணம் முடிக்கும்போது குவேனியை இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான். பிள்ளைகளோடு தன் இனத்தாரிடம் திரும்பிப் போன குவேனி அவர்களாலேயே கொல்லப்படுகிறாள். பிள்ளைகள் மலைநாட்டுக் காட்டுக்குள் ஓடி மறைகிறார்கள். மொமொதாரோவின் பழைய கதையில் இல்லாத ஒன்று இதில் உண்டு: மகாவம்சத்தை எழுதிய பிக்குகள் குவேனியின் மன்றாட்டத்தையும் எழுதிவைத்தார்கள். அதே நூலில் பின்னால் வரும் பண்டுகாபயன், சித்தராசன் என்ற இயக்கனைத் திருவிழா நாட்களில் தன்னோடு சம ஆசனத்தில் இருத்துகிறான். பாடப்புத்தகங்களில் விஜயன் ஏறிய அளவுக்குச் சித்தராசன் ஏறவில்லை.

இராவணன் கதை இன்னும் விநோதமான வழியில் போகிறது. இராவணனை நாயகனாக்கிய புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946 இல் வந்து, 1948 இல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டு, 1971 இல்தான் தடை நீங்கியது. இங்கே அண்மைக் காலத்தில் சிங்களவரிடையே இராவணன் முன்னோனாகக் கொண்டாடப்படுகிறான். இலங்கையின் முதல் செய்மதிக்கும் அவன் பெயர்தான், இராவணா-1. அதை இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் கட்டினார்கள். 2019 ஏப்ரல் 17 அன்று அது விண்ணுக்குப் போனது. நான்கு நாள் கழித்து வந்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு.

பேயோடு பழக இந்தத் தீவில் வேறொரு வழியும் உண்டு: தென்மாகாணத்தின் தொவில் என்னும் பேயோட்டும் சடங்குகள். அவற்றைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது எமக்கு நீண்ட நாள் மனக்குறை. சன்னி யகும என்ற சடங்கில் பதினெட்டு நோய்ப் பேய்கள் முகமூடி அணிந்து வருகின்றன. முகமூடிகளைக் கதுரு மரத்தில் செதுக்குகிறார்கள். பாரமில்லாத, சதுப்பு நிலத்தில் வளரும் மரம். காண சன்னிக்குக் கண் குருடு. கொற சன்னியின் முகம் ஒரு பக்கம் கோணி, வாய் இழுத்துக்கொண்டு இருக்கும். பாரிசவாதம் கண்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்த கை செதுக்கிய முகம் அது. அமுக்கு சன்னி பச்சை முகத்தோடு வாந்தி எடுக்க நாக்கைத் தள்ளும். கொலு சன்னி ஊமை, பிகிரி சன்னி செவிடு. 1912 இல் தொடங்கப்பட்ட, செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை எங்கள் இரத்மலானையில்தான் இருக்கிறது. ஒரு காலம் பேயின் வேலை என்று கண்டவற்றோடு பிறந்த பிள்ளைகள் அங்கே புத்தகப் பையோடு போய் வருகிறார்கள்.

பதினெட்டுப் பேய்களின் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். அம்பலாங்கொடையில் சொல்லப்படும் பட்டியலில் இரண்டு பெயர்கள் உண்டு: வெத்தா சன்னி, தெமள சன்னி. கொள்ளைநோய் கொண்டுவருபவன் வேடன். கெட்ட கனவு கொண்டுவருபவன் தமிழன். குருட்டுக்கும் காய்ச்சலுக்கும் வாந்திக்கும் பக்கத்தில், அதே வரிசையில், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரு முகமூடி.

இதைக் கண்டு கோபப்பட்டு எழுந்துபோவது இலகு. சடங்கை முழுக்க இருந்து பார்ப்பவர்கள் வேறொன்றையும் காண்பார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1969 இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகச் சொல்கிறது. பேய் பந்தலுக்குள் வந்ததும் மேளக்காரர் அதை வழிமறித்துப் பேச்சுக் கொடுக்கிறார். நீ யார், எங்கேயிருந்து வருகிறாய், என்ன வேணும்? பேய் பதில் சொல்கிறது, உளறுகிறது, பகிடி விடுகிறது. விடியவிடிய விழித்திருக்கும் சனம் சிரிக்கிறது, நோயாளியும் சிரிக்கிறார். பிறகு பேய் தன் பங்கை வாங்கிக்கொண்டு, புத்தரின் ஆணைக்குப் பணிந்து, நோயை எடுத்துக்கொண்டு போகச் சம்மதிக்கிறது. அடி உதை எதுவும் இல்லாமல் காரியம் முடிகிறது. பதினெட்டுக்கும் தலைவனான கோல சன்னியின் பிறப்புக் கதையோ நெஞ்சைப் பிசைவது. லிச்சவி அரசன் ஒருவன் பழிச்சொல்லை நம்பிக் கர்ப்பிணியான தன் அரசியைக் கொல்விக்கிறான். இறந்தவளின் வயிற்றிலிருந்து பிறந்த பிள்ளை சுடலையில் வளர்ந்து, தகப்பனின் விசாலை நகரத்தைக் கொள்ளைநோயாக வந்து பழிவாங்குகிறது. சடங்கைக் கட்டியவர்கள் பேயை விரட்டும் அதே இரவில் அதற்கு நேர்ந்த கொடுமையையும் சொல்லாமல் விடவில்லை.

யப்பானிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. ஓஎ மலையில் இருந்த ஷுதென் தோஜி என்ற ஓனித் தலைவனை மினமொதோ நோ யோரிமித்சுவும் கூட்டாளிகளும் துறவிகளாக வேஷம் போட்டுப் போய், மருந்து கலந்த மது கொடுத்து, தலையை வெட்டுகிறார்கள். ஓனிகளிடம் இப்படியான வஞ்சகம் கிடையாதே என்று சாகும்போது அவன் குமுறுகிறான். வென்றவர்களின் புகழ் பாட எழுந்த கதை இந்தக் குமுறலை அழிக்காமல் வைத்திருக்கிறது. பெப்ரவரித் தொடக்கத்தில் வரும் செத்சுபுன் நாளில் வீடுதோறும் வறுத்த சோயா அவரையை எறிந்து ஓனியை வெளியே போ என்று விரட்டுவார்கள். யோஷினோ மலையில் உள்ள கின்புசென்ஜி கோயிலிலோ, நாடெங்கும் விரட்டப்பட்ட ஓனிகளை உள்ளே வரச்சொல்லி அழைத்துத் திருத்துகிறார்கள். ஓனிக்கு மாட்டுக் கொம்பும் புலித்தோலும் வடகிழக்குத் திசையால் வந்தவை என்பர். யப்பானியத் திசைக் கணக்கில் மாட்டுக்கும் புலிக்கும் இடைப்பட்ட திசை அது, பேய் நுழையும் வாசல். வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு வாங்குகிற எங்கள் சனம் சாமியறைக்குத் தேடுவது அதே மூலையைத்தான், ஈசான மூலை என்று.

எங்களிடம் இருப்பது சூரன் போர். கந்தசட்டி ஆறாம் நாள் கோயில் வீதியில் சூரனைத் தோளில் வைத்து ஆட்டி ஆட்டிக் கொண்டுவருவார்கள். தலையைக் கழற்றி யானைத் தலை, சிங்கத் தலை என்று மாற்றுவார்கள். பிள்ளைகள் தகப்பன்மாரின் தோளில் இருந்து சூரனைத்தான் பார்க்கும், முருகனை அல்ல. கடைசியில் மாமரமாக நிற்கும் சூரனை வேல் பிளக்க, ஒரு பாதி சேவல், மறுபாதி மயில். கொடியாகவும் வாகனமாகவும் அவன் முருகனோடு இருந்துவிடுகிறான். கந்தபுராணக் கலாசாரம் என்று பெருமை பேசுகிற நாம் இந்த முடிவை எவ்வளவு தூரம் நடைமுறைக்கு எடுத்தோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1983 யூலையில் வீடெரிந்த கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்த இரத்மலானை விமானத்தளத்தின் கொட்டகைகளில்தான் படுத்திருந்தார்கள், பிறகு கப்பலேறி வடக்கே போனார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர்களுடைய தலையில் கொம்பு வைக்கப்பட்டிருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசத்தில், கையில் இருந்ததையும் பறித்துக்கொண்டு வெளியேற்றியது தமிழர் பெயரில் போராடிய இயக்கம். அவர்களுக்குக் கொம்பு வைத்தவர்கள் எங்களவர்கள். 2019 மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தபோது கொம்பு மறுபடி அவர்களுடைய தலையில். ஒவ்வொரு முறையும் சுற்றியிருந்த நாங்கள் கொம்பைப் பார்த்தோம்.

நாங்கள் ஆசைப்படுவது பெரிய காரியம் அல்ல. அகுதகாவாவின் ‘மொமொதாரோ’ யப்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வர வேண்டும். அந்த மொழி கற்ற இளையவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தெமள சன்னிக்கும் மேளக்காரருக்கும் நடக்கும் உரையாடலை, ஆடுகிறவர்களிடம் கேட்டு, சிங்களத்திலும் தமிழிலும் பக்கம் பக்கமாக அச்சிட வேண்டும். அதை ஆடுகிற முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். பிள்ளைகள் பலர் முகமூடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதோடு நின்றுவிடுகிறார்கள். 83 இல் கொட்டகையில் படுத்திருந்தவர்கள் எழுதட்டும். அவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்த சிங்களவர்களும் கல் எடுத்தவர்களும் எழுதட்டும். 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர்கள், எங்களைப் பற்றி அங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள் என்று எழுதட்டும். சிங்களத்தில் வருபவற்றை நாங்களே மொழிபெயர்ப்போம். நீளம் பற்றிக் கவலை வேண்டாம்; அடுத்த இதழில் இடம் போதாவிட்டால் அதற்கடுத்த இதழையும் அவர்களுக்கே ஒதுக்குவோம்.