மருந்துக்கடையில் விற்கப்படும் வெண்மை

திருமணப் பேச்சு எழுந்தவுடன் பெண்பிள்ளையின் முகத்தை வெளுக்க வைக்கக் களிம்பு தேடும் வழக்கம் நம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்டது. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டால், மருந்துச் சீட்டு இல்லாமலேயே, ஒரு கேள்வியும் கேளாமல், குழாய் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். இந்த வணிகத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அவ்வாறு தரப்படும் களிம்புகள் பலவற்றில் இருப்பது மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. கரப்பான் முதலிய நோய்களுக்கு, அளவும் நாளும் குறித்து மருத்துவர் தரவேண்டிய மருந்து அது. பூசிய சில வாரங்களில் முகம் வெளுக்கும். பின்னர் தோல் மெலியும், சிவந்த இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு பெருகும், முடி முளைக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதையே பூசுவார்கள்.

முகவரியற்ற 'சிவப்பழகு' கிரீம்களின் ஆபத்து வேறு வகையானது. மெலனின் உருவாவதைத் தடுக்கும் பாதரசம் சிலவற்றில் கலந்திருக்கிறது. அது தோல் வழியே ஊடுருவிச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு நோயின் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள்.

"நான் தராவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள்" என்பது கடைக்காரர்களின் வாதம். அடுத்தவர் செய்யும் தவறு நம் தவற்றை ஹலாலாக்கிவிடுமா? முகத்தில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது என 2018இல் அரசு விதியைத் திருத்தியது. நோயாளிக்கு ஆலோசனை கூறுவது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகள் சொல்கின்றன. எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள், கருவுற்றிருக்கிறீர்களா, வேறு மருந்து உண்டா என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைத் தர மறுப்பவர் செய்வது மருத்துவச் சேவை அன்று; வெறும் சரக்கு வியாபாரம்.

அழகை விரும்புவது குற்றமன்று. தூய்மையையும் நேர்த்தியையும் மார்க்கம் போற்றுகிறது. ஆனால், மனிதர்களின் நிறவேற்றுமையை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் எண்ணுகிறது. அந்த அத்தாட்சியைக் குறையாகக் கருதிப் பெண்ணின் முகத்தை நஞ்சால் தேய்க்கும் குடும்பம், எதைப் பார்த்து மருமகளைத் தேர்கிறது?

மருந்தாளுநர்களே, சீட்டில்லாமல் கேட்பவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோர்களே, பெயரும் உற்பத்தியாளர் முகவரியும் உட்பொருள் விவரமும் இல்லாத கிரீமை, வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாயினும், வீட்டில் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரை அணுகுங்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; அதைக் குறித்து விசாரிக்கப்படுவோம். வாங்குபவர் மட்டுமல்லர், விற்றவரும்.