ஐந்தாம் தரத்தோடு பசி தீர்ந்துவிடுமா?

இக்காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள், நேரத்துக்கு உண்பதில்லை, உறங்குவதில்லை, கையில் தொலைபேசி இருந்தால் போதும் என்ற பல்லவி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓயாமல் ஒலிக்கின்றது. பெற்றோர் பாடுகின்றனர், ஆசிரியர் பாடுகின்றனர், மேடை கிடைத்தால் அரசியல்வாதியும் பாடுகிறார். பாடுபவர்களில் எவரேனும் அந்தப் பிள்ளையின் வீட்டை எட்டிப் பார்த்ததுண்டா?

களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை. புறக்கோட்டை சென்ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் இங்கேதான் இடம்பெயர்ந்தது. ஊர் உறங்கும் வேளையில் லொறிகள் வந்து சேரும். பெட்டி சுமப்பவருக்கும் ஐஸ் உடைப்பவருக்கும் தேநீர் விற்பவருக்கும் அப்போதுதான் பொழுது விடிகின்றது. ஓரறை வீட்டில் தந்தை வேலைக்குப் புறப்பட விளக்கைப் போட்டால் பிள்ளையின் உறக்கமும் அத்துடன் கலைந்துவிடும். காலை 7.30க்குப் பாடசாலை. ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு வரவேண்டிய பிள்ளை, பஸ் நெரிசலை எண்ணி விடியுமுன்பே எழுந்தாக வேண்டும். காலை உணவு ஒரு பணிஸ், ஒரு பிளேன்ரீ. நாட்டின் மிகப் பெரிய மீன் சந்தைக்கு அருகில் வாழும் பிள்ளையின் கதை இது!

வெள்ளவத்தை அடுக்குமாடியில் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து பணம் வருகின்றது, குளிர்சாதனப் பெட்டி நிறைந்திருக்கின்றது. ஆனால் பாடசாலை முடிந்ததும் ஒரு ரியூசன், அது முடிந்ததும் இன்னொன்று. இரவு ஒன்பது மணிக்குக் கொத்துரொட்டி, அதன்பின் வீட்டுவேலை. ஒருவனுக்கு உணவு போதவில்லை, மற்றவனுக்கு மிஞ்சிவிட்டது. உறக்கம் மட்டும் இருவருக்கும் குறைவு.

தொலைபேசிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆயினும் பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலற்றோனின் இரவில் பிந்தியே சுரக்கின்றது என்பது மருத்துவ உண்மை. 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. 8.30க்கு முன் வகுப்பைத் தொடங்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் கேட்டது. கலிபோர்னியாவின் பெரும்பாலான உயர்நிலைப் பாடசாலைகளில் 2022 ஜூலை முதல் அது சட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. நாமோ வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைக் கதிரையில் ஏற்றி நிறுத்துகின்றோம்.

உடற்பயிற்சிக்கு வருவோம். நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதத்தினர் போதிய உடலுழைப்பு அற்றவர்கள். பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம். எனவே இது நம் பிள்ளைகளின் தனிக்குற்றம் அன்று. ஆனால் பெண் பிள்ளையின் விடயத்தில் நம் வீடுகளுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சாமத்தியப்பட்டதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுகின்றோம். சடங்கு முடிந்த கையோடு அவளுடைய விளையாட்டையும் நிறுத்திவிடுகின்றோம். தேற்றிய உடம்பு எதற்காம்? சாதாரண தரத்தில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்றொரு பாடம் உண்டு. அதையும் ரியூசன் வாங்கில் அசையாது அமர்ந்து மனனம் செய்கின்றார்கள் நம் மாணவர்கள்.

எனக்கு மிகுந்த சினமூட்டுவது உணவு பற்றிய கொள்கைதான். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கம் பின்னர் இறங்கியது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கூலி வீடுகளில் முதலில் மறைந்தவை மீனும் முட்டையும் பாலும். 2024 மார்ச்சில் அரசாங்கம் பாடசாலை உணவுத் திட்டத்தை ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கியது. நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் ஆரம்பப் பிரிவு ஐந்தாம் தரத்தோடு முடிகின்றது. சில சிறிய பாடசாலைகளுக்கு விலக்கு உண்டு. கொட்டாஞ்சேனையின் பெரிய பாடசாலைகளுக்கு அது பொருந்தாது. எலும்பு நீண்டு, குருதி பெருகி, இரும்புச் சத்தும் புரதமும் அதிகமாகத் தேவைப்படும் வயது ஆறாம் தரத்தில்தான் தொடங்குகின்றது. அந்த வாசலில் வைத்துத்தான் தட்டைப் பறிக்கின்றோம்.

பணமில்லை என்பார்கள். எல்லோருக்கும் இயலாதெனில், கூலி வீட்டுப் பிள்ளைகள் மிகுந்த பாடசாலைகளில் ஆறாம், ஏழாம், எட்டாம் தரங்களுக்காவது முதலில் கொடுங்கள். அத்துடன் வகுப்பு தொடங்கும் நேரத்தைப் பிந்தச் செய்வது பற்றிக் கல்வி அமைச்சு வாய் திறக்கட்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. இவற்றைச் செய்த பின்னர் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஏசுங்கள், கேட்டுக்கொள்கின்றேன்.